ஃபாண்டன்ட் போர்த்திய வண்டி கேக்கை முதல்முறை செய்பவரால் வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். மகனின் பிறந்தநாளுக்கு வண்டி வடிவத்தில் கேக் வேண்டும், கேக்கின் மேல் துணி போலப் போர்த்தும் ஃபாண்டன்ட்டைத் தொட்டதே இல்லை, வீட்டில் எல்லோரும் "பேசாமல் கடையில் சொல்லிவிடலாம்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. அநேகமாக ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, முந்தைய நாள் இரவு உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் தொழில்முறை பேக்கர் இல்லை. அலுவலக வேலை பார்க்கும் அப்பா. என் மகள் தீயணைப்பு வண்டி கேட்டாள். "பெண் குழந்தைக்குத் தீயணைப்பு வண்டியா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லும் நேரத்தில் கேக்கைச் செய்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் ஃபாண்டன்ட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது வெறும் சர்க்கரை மாவு. ஐசிங் சர்க்கரை, ஜெலட்டின், குளுக்கோஸ் பாகு, கொஞ்சம் கிளிசரின், அவ்வளவுதான். மார்ஷ்மெல்லோவை உருக்கி, அதன் எடையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஐசிங் சர்க்கரை சேர்த்துப் பிசைந்தாலும் வரும். பயப்பட வேண்டியது அடியில் இருக்கும் கேக்குக்குத்தான். பஞ்சு போன்ற மென்மையான கேக், செதுக்கும்போதே உதிரும். ஃபாண்டன்ட்டின் எடை ஏறினால் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடையில் போட்ட பழைய பாணி வெண்ணெய் கேக் தாங்கும். அதையும் நன்றாகக் குளிரவைத்த பிறகே கத்தியால் தொடுங்கள்.

அடுத்தது கனாஷ் பூச்சு, அதாவது சூடான கிரீமில் சாக்லேட்டை உருக்கிச் செய்யும் பூச்சு. கறுப்புச் சாக்லேட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கிரீம். வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. இரவு முழுக்க இறுகவிட்டால் சுவர் பூசியது போல ஆகிவிடும்; மூலைகளைக் கூர்மையாகச் சீவலாம். அடியில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் மேலே தெரியும் என்பதால், என் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போனது. அடித்த கிரீமைப் பூசி அதன் மேல் ஃபாண்டன்ட் போர்த்தலாமா என்று கேட்காதீர்கள். அதன் ஈரத்தில் சர்க்கரை கரைந்து வழியும்.

வட்டக் கேக் என்றால் விட்டத்தோடு உயரத்தை இரு மடங்காகக் கூட்டி, கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துப் போர்த்திவிடலாம். பெட்டி வடிவ வண்டியில் நான்கு மூலைகளிலும் துணி மடிவது போல மடிந்து கிழியும். அதனால் நான் ஒரே தகடாகப் போர்த்தவில்லை. கூரைக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக 3 மில்லிமீட்டர் தடிமனில் தேய்த்து, அளவெடுத்து வெட்டி ஒட்டினேன். இணைப்புகளின் மேல் வெள்ளைப் பட்டைகள். உண்மையான வண்டியிலும் பட்டை இருக்கிறதே! இது குறுக்குவழி, ஃபாண்டன்ட் வேலையே அல்ல என்று கருத்துப் பகுதியில் எழுத வருபவர்களுக்கு: எழுதுங்கள். வெட்டிச் சாப்பிட்ட குழந்தைகள் யாரும் இணைப்பைத் தேடவில்லை.

சிவப்பு நிறம் சண்டித்தனம் செய்யும். திரவ நிறம் வேண்டவே வேண்டாம், மாவு பிசுபிசுத்துவிடும். ஜெல் நிறம்தான் சரி. முதலில் இளஞ்சிவப்பாகத்தான் தெரியும். பதறி மேலும் மேலும் சேர்த்தால் கசக்கும். இறுக்கமாக மூடி ஓர் இரவு வைத்தால் நிறம் தானாக ஆழமாகும். சிவப்பையும் கறுப்பையும் மட்டும் நிறம் ஏற்றிய பாக்கெட்டாகவே வாங்கிவிடுவது உத்தமம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏணியைப் பல நாள் முன்பே செய்து காயவைத்தேன். கால் கிலோ ஃபாண்டன்ட்டுக்கு ஒரு தேக்கரண்டி டைலோஸ் என்னும் இறுக்கும் தூளைச் சேர்த்துப் பிசைந்தால் கெட்டியாகக் காயும். சக்கரத்துக்கு இரண்டு கிரீம் பிஸ்கட்டை ஒட்டிக் கறுப்பு ஃபாண்டன்ட் சுற்றினேன்.

முடித்ததும் கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கத் தோன்றும். வெளியே எடுத்ததும் வியர்க்கும், சிவப்பு வழிந்து வெள்ளைப் பட்டையில் இறங்கும். உள்ளே கெட்டுப்போகும் அடித்த கிரீமோ பழமோ இல்லையென்றால், குளிர்ச்சியான அறையில் மூடி வையுங்கள். வியர்த்துவிட்டால் விரலால் தொடாமல் மின்விசிறிக் காற்றில் விடுங்கள்.

இப்போது கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். விழாவுக்கு வந்தவர்கள் கேக்கைப் பார்த்ததும் நேராக என் மனைவியிடம் போய், "உங்களுக்குக் கைவேலை எவ்வளவு நன்றாக வருகிறது!" என்றார்கள். அவளும், "நான் தொடவே இல்லை, அவர் செய்தது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "சும்மா சொல்லாதீர்கள்" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், நகக்கண்ணில் சிவப்போடு. பெருமை தேடி இதைச் சொல்லவில்லை. குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துப்போனாலும் "அம்மா வரவில்லையா?" என்றுதான் முதல் கேள்வி. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்கு "அம்மாக்கள்" என்று பெயர். என்னைச் சேர்க்கலாமா என்று அவர்கள் ஆலோசித்து முடிப்பதற்குள் அந்தக் கல்வியாண்டே முடிந்துவிட்டது. இதற்கும் ஃபாண்டன்ட்டுக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

மறந்துவிடப் போகிறேன். விருந்தினரில் சைவம் மட்டும் உண்பவர் இருந்தால் பாக்கெட்டில் ஜெலட்டின் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அது விலங்கிலிருந்து வருவது, மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் உண்டு. உள்ளே பல்குச்சி எதையும் செருகாதீர்கள். ஃபாண்டன்ட்டை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குபவர்களைப் பார்த்து மனம் நோகாதீர்கள், அது இனிப்பு அதிகம்தான். நானே ஒதுக்கித்தான் சாப்பிடுவேன்.

என்ன வண்டி, நீள அகல உயரம் எவ்வளவு என்று கருத்தில் எழுதினால், எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு தகடு என்று கணக்கிட்டுத் தருகிறேன். "உங்கள் மனைவியிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.