ஐப்பசி மழையும் பன்னீர் திராட்சைக் கவாத்தும்

கேள்வி: கம்பம் பக்கம் ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. குடும்பமாகப் பாடுபடுகிறோம், இயற்கை முறைதான். போன வருடம் ஆவணிக் கடைசியில் கவாத்து (கொடியை வெட்டிவிடுவது) செய்தோம். பூக்கும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. இலைக்கு அடியில் வெள்ளையாகப் படர்ந்து, பூங்கொத்து கருகிக் கொட்டிவிட்டது. பஞ்சகவ்யா, சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் பாக்டீரியா) தெளித்தும் நிற்கவில்லை. இந்த முறை என்ன தெளிப்பது?

பதில்: உங்கள் தோட்டத்தில் வந்தது அடிச்சாம்பல் நோய். இலையின் மேலே எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே வெள்ளைப் பூசணம் இருந்திருக்கும். மருந்தைக் கேட்கிறீர்கள், ஆனால் கோளாறு கவாத்துத் தேதியில் இருக்கிறது. வெட்டி 35-40 நாளில் பூ, சுமார் 120 நாளில் அறுவடை. ஆவணிக் கடைசியில் வெட்டினால் ஐப்பசி மழையில்தான் பூக்கும். ஊடுருவிப் பாயும் ரசாயன மருந்து அடிப்பவர்களே அந்த மாதம் திணறுவார்கள். இயற்கை முறையில் நோய் வருமுன் காக்கலாம், வந்தபின் விரட்ட வழி குறைவு.

அதனால் மார்கழியில் ஒரு கவாத்து: சித்திரையில் பழம். வைகாசி பிறந்ததும் அடுத்தது: புரட்டாசி பிறக்கும்போது பழம் இறங்கிவிடும். அதன்பின் மார்கழி வரை வெட்டாதீர்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு வருடத்துக்கு ஐந்து வெள்ளாமை எடுக்கிறார்கள், உங்களுக்கு நான்குதான் கிடைக்கும். தை மாத விலையும் கை நழுவும். வலிக்கும்தான். ஆனால் கொட்டிப்போன பூவுக்கு விலையே இல்லையே!

வைகாசிக் கவாத்துக்கும் ஆனி, ஆடிச் சாரல் உண்டு. அதற்குப் பூசணத்தைத் தடுக்கும் போர்டோ கலவை கைவசம் இருக்கட்டும். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். தீட்டிய இரும்புக் கத்தியைச் சற்று நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துவிடுங்கள், மறுநாளுக்கு ஆகாது. இளந்தளிருக்கு இதில் பாதி வீரியம் போதும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். பூ விரிந்திருக்கும்போது வேண்டாம், கருகும்.

சூடோமோனாஸையும் இதையும் ஒரே டேங்கில் கலக்கவே கூடாது, செம்பு அந்த நுண்ணுயிரைக் கொன்றுவிடும்.

அப்புறம், வெட்டிய கொடி, உதிர்ந்த இலை எதையும் பந்தலுக்கு அடியில் விடாதீர்கள், நோய் அதில்தான் தங்குகிறது. அடர்ந்த பக்கக் கிளைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுங்கள். இயற்கைச் சான்றிதழ் வைத்திருந்தால், செம்பு மருந்துக்குக் கட்டுப்பாடு உண்டு. தெளிக்கும் முன் சான்றளிப்பவரிடம் கேட்டுவிட்டு, தேதியையும் அளவையும் பண்ணைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.