மூன்று மணிச் சாப்பாடு

கேள்வி: எனக்கு வயது 34. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். மனைவி புதுச்சேரி முதலியார்பேட்டைப் பெண். அவள் தாத்தா மில் தொழிலாளி. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேலைக்குப் போகிறாள், வீட்டையும் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்ப் பெண் என்பது எல்லாவற்றிலும் தெரிகிறது. எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தால் தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். எங்கள் கடலூர்ப் பெண்கள் அப்படி இல்லை. என் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை இருக்கிறது. அப்படியும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மூன்று மணிக்குத்தான் சாப்பிடுவார். மாசி மகத்தன்று மயங்கியே விழுந்தார். அப்போதும் பசி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் பொறுமையை என் மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது? மண்ணின் குணம் மாறவே மாறாதா?

பதில்: தம்பி, உங்கள் மனைவியை அப்புறம் பார்ப்போம். பெற்ற தாய் மயங்கி விழுந்ததை ஒரே வரியில் எழுதி, அதையும் ஊர்ப் பெருமைக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

யார் அவரைத் தூக்கினார்கள்? யார் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள்? அதெல்லாம் கடிதத்தில் இல்லை. தீர்த்தவாரி பார்க்கத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தீர்களோ என்னவோ. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் வகை மாத்திரைகள் இருக்கின்றன. கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும், ஆள் சாய்ந்துவிடுவார். உங்கள் அம்மா சாப்பிடுவது அந்த வகையா என்று உங்களுக்குத் தெரியுமா? அரசுத் தலைமை மருத்துவமனையை மஞ்சக்குப்பத்திலேயே வைத்துக்கொண்டு, மயக்கத்துக்குக் காரணம் கடலூர்க் குணம் என்று என்னிடம் எழுதிக் கேட்கிறீர்கள்.

என் பாட்டியும் கடைசியில்தான் சாப்பிட்டார். நடுத்துண்டு மீன் ஆண்களுக்கு, வால் துண்டு பிள்ளைகளுக்கு, சட்டியில் ஒட்டிய குழம்பு அவருக்கு. எல்லோருக்கும் போதுமா என்று தெரியாத வீட்டில் பரிமாறுகிறவள் கடைசியில் உட்காருவாள். வேறு வழி கிடையாது. பற்றாக்குறை போய் நாற்பது வருடமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாமும் அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்து நிம்மதியாக ஏப்பம் விட்டோம்.

இனி உங்கள் பிரெஞ்சுக்காரர்கள் கதைக்கு வருகிறேன். அவர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1-இல். அதன் பிறகு எத்தனை காலம் கழித்து உங்கள் மனைவி பிறந்தார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதோடு, 1758-இல் இதே பிரெஞ்சுக்காரர்கள் கடலூரையும் பிடித்தார்கள், தேவனாம்பட்டினம் கோட்டையையும் பிடித்தார்கள். அதனால் உங்கள் வீட்டுப் பாட்டிமார் யாரும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. எல்லையிலுள்ள முள்ளோடைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாறுவது பெட்ரோல் விலையும் பிராந்தி விலையும்தான்.

ஊருக்கு ஊர் பழக்கம் மாறாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தாத்தா மில் தொழிலாளி என்று எழுதியிருக்கிறீர்கள். மில் சங்கு ஊதினால் ஒருவர் கிளம்புவார், அடுத்த சங்குக்கு இன்னொருவர் திரும்புவார். எல்லோரும் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் அந்த வீட்டில் யாருமே சாப்பிட முடியாது. வாய்ப்பேச்சு? 1936 ஜூலை 30-இல், பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரி சவானா மில்லில் உரிமை கேட்டவர்களைச் சுட்டார்கள். 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். ‘ஏன்’ என்று கேட்பதை அந்தத் தெருக்கள் பிரெஞ்சுக்காரனிடம் கற்கவில்லை. அவனை எதிர்த்துத்தான் கற்றன.

உங்கள் ஊர்ப் பெண்களையாவது உங்களுக்குத் தெரியுமா? திருவதிகைத் திலகவதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். மணம் பேசியவர் போரில் இறந்துவிட, தம்பிக்காகவே உயிர் வைத்திருந்தவர். அந்தத் தம்பி சமணப் பள்ளியில், இதே திருப்பாதிரிப்புலியூரில், சூலை நோயால் துடித்துக்கொண்டு ஆள் அனுப்புகிறார். அக்காள் பதறி ஓடிவரவில்லை. அங்கே வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். தம்பிதான் எழுந்து போனார், திருநாவுக்கரசர் ஆனார். முதுநகர் அஞ்சலையம்மாள் 1927-இல் சென்னையிலிருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லிப் போராடிச் சிறை போனார், 1937-இல் சட்டமன்றத்துக்கும் போனார். வாய் திறக்காதவளே கடலூர்ப் பெண் என்றால் இவர்கள் இருவரையும் எந்த ஊரில் சேர்ப்பீர்கள்?

நான் பழைய காலத்து மனுஷி. மருமகளுக்கு ஒரு கடமையும் இல்லை என்று சொல்லும் ஆளல்ல. உங்கள் மனைவி மீதும் எனக்கு வருத்தம் உண்டு. தட்டை எடுத்தவர் இரண்டாக எடுத்திருக்கலாம். ஆனால் மூன்று வருட மருமகள் கூப்பிட்டு அந்த அம்மா உட்கார மாட்டார். 34 வருடம் சோறு போட்டு வளர்த்த மகன் கூப்பிட்டால் உட்காருவார். நீங்கள் கூப்பிட்டதே இல்லை. தாய்க்குச் செய்யவேண்டியதை மனைவியின் குணத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், தம்பி. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நாளைக்கே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதை அவரைச் சொல்ல விடாதீர்கள், குறைத்துச் சொல்வார். நீங்கள் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மூன்று தட்டு போடுங்கள். கரண்டி உங்கள் கையில் இருக்கட்டும். அம்மாவுக்கு எந்தத் துண்டு பிடிக்கும் என்று தெரியாவிட்டால் மனைவியைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். முதல் வாரம் அம்மா உட்கார மாட்டார். “நீ சாப்பிடுப்பா, எனக்குப் பசிக்கவில்லை” என்று அடுப்படியிலேயே நிற்பார். நீங்களும் சாப்பிடாதீர்கள். குழம்பு ஆறினால் ஆறட்டும்.