பழைய ட்ரயல்ஸ் பைக் அரை மணித்தியாலத்தில் அணைந்துபோகிறது, கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேட்டவர் திருகோணமலைக்காரர் என்று கண்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ட்ரயல்ஸ் என்பது கால் ஊன்றாமல் கல்லிலும் மேட்டிலும் மெல்ல ஏறி இறங்குகிற போட்டி; எங்கள் ஊரில் அதற்கான பைக் வைத்திருப்பவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதனால் வெட்கப்படாமல் என் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். அவருடைய பிரச்சினை சுருக்கமாக இது: பழைய ஹொண்டா டிஎல்ஆர் 200, குளிர்ந்திருக்கும்போது ஒரே உதையில் ஸ்டார்ட், அரை மணித்தியாலம் கல்லிலும் மேட்டிலும் ஏற்றி இறக்கினால் அணைந்துவிடும், ஐந்து நிமிடம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரித் திரும்ப ஓடும். காபரேட்டர் இரண்டு தரம் கழுவியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று, இப்போது கராஜில் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள்.

பிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

என்னிடமும் அதே மொடல்தான் இருக்கிறது. காற்றால் குளிரும் நாலு ஸ்ட்ரோக், 194 சிசி, பின்னால் இரட்டை ஷொக், முன்னும் பின்னும் ட்ரம் பிறேக். வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முந்திய வருடம் வாங்கியது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து கியூஆர் கோட் காட்டி எடுக்கும் கோட்டாவில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் என்று கொடுத்தார்களே, அந்த நேரம் வேலைக்குப் போகிற மற்ற பைக்கை ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது, இதைக் கொட்டிலுக்குள் தள்ளிச் சாக்கால் மூடிவிட்டேன். ஏழெட்டு மாதம் அப்படியே நின்றது. திரும்ப எடுத்தபோது உங்களுடைய அதே வருத்தம்.

நானும் நீங்கள் செய்ததையே செய்தேன். கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர், வீதியில் ஓடும் பைக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். அவர் இரண்டு கிலோமீற்றர் ஓடிப் பார்த்துவிட்டு "ஒரு பிழையும் இல்லையே அண்ணன்" என்றார். இரண்டாம் முறை காபரேட்டர் ரிப்பேர் கிட் போட்டார். மூன்றாம் முறை பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் கொயிலை மாற்றினார். நான்காம் முறை போனபோது பிஸ்டன், ரிங் என்று கதைக்கத் தொடங்கினார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, பைக் அவர் முன்னால் ஒரு நாளும் அணையவில்லை. மாமாவின் காணிக்குள், கன்னியாப் பக்கத்து வெயிலில், கல்லுக்கு நடுவில்தான் அது அணையும். நான் அதை ஆட்டோவில் கட்டி ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுவருவதற்குள் தடயம் எல்லாம் அழிந்துவிடும்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அணைந்த அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே பாருங்கள். பையில் ஒரு பிளக் ஸ்பானர், ஒரு உதிரிப் பிளக், துணித்துண்டு இருந்தால் போதும்.

முதல் வேலை, பெற்றோல் ரேங்க் மூடியைத் திறப்பது. காதைக் கிட்ட வையுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடுகிற சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் ஸ்டார்ட்டும் ஆனால் கதை முடிந்தது, மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. ரேங்கிலிருந்து பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெற்றோலைக் கீழே விடாது. சும்மா விட்டாலும் ஐந்து பத்து நிமிடத்தில் எங்காவது இடுக்கால் காற்று கசிந்து உள்ளே போய்விடும், பிறகு ஓடும். இதில் ஒரு வேடிக்கை: ரேங்க் நிறைய இருக்கும்போதுதான் கெதியாக அணையும், ஏனென்றால் உள்ளே காற்று கொஞ்சமாக இருப்பதால் சிறிது பெற்றோல் குறைந்தாலே அழுத்தம் நிறைய இறங்கிவிடும். பாதி ரேங்கில் அதிக நேரம் தாங்கும். நான் முழு ரேங்க் அடித்துவிட்டு "பெற்றோல் இல்லாமல் போக வழியே இல்லை" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பைக்கில் மூடியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் போய் ஹாண்டில் தண்டின் நடு ஓட்டைக்குள் செருகியிருக்கும். அந்தக் குழாயின் நுனியில் குளவி ஒன்று மண்ணால் வீடு கட்டியிருந்தது! வடிவான உருண்டையாக, உள்ளே புழுவும் வைத்து. ஒரு ஈர்க்கால் குத்தி எடுத்தேன். கிட், கொயில், ஆட்டோக் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்த கணக்கை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கொட்டிலில் நிற்கும் பைக்குக்கு இது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம், சைலன்சர் நுனியையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடி திறந்தும் சரிவரவில்லை என்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள், சூடு இருக்கும், துணியால் பிடியுங்கள். ஈரமாகப் பெற்றோல் மணத்தோடு வந்தால் பெற்றோல் கூடுதலாக வருகிறது, அதாவது காபரேட்டருக்குள் இருக்கும் மிதவை அல்லது அதன் ஊசி சரியாக மூடவில்லை, அல்லது பெற்றோல் வந்தும் ஸ்பார்க் இல்லை. காய்ந்து இருந்தால் பெற்றோல் வரவில்லை. பிளக்கைக் கம்பியோடு இன்ஜின் இரும்பில் தொட்டு வைத்து உதைத்துப் பாருங்கள், பிளக் ஓட்டையிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்து, ரேங்க் மூடியையும் பூட்டிவிட்டு, இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். சூட்டில் ஸ்பார்க் இல்லை, ஆறியதும் இருக்கிறது என்றால் கொயிலோ அதற்கு சிக்னல் கொடுக்கும் சுருளோ சூட்டில் அறுபடுகிறது. கம்பிகளின் இணைப்பில் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், கடல்காற்று செம்பை அப்படித்தான் தின்னும்.

பெற்றோல் வரவில்லை, மூடியும் பிழை இல்லை என்றால், ரேங்குக்குள் கறள். பழைய இரும்பு ரேங்க், பல மாதம் அரைகுறையாக நின்றால் மேல் பாதி கறள் பிடிக்கும். ஓடும்போது அந்தத் தூள் பெற்றோலைத் திறந்து மூடும் குழாயின் வடிவலையில் வந்து ஒட்டும், நிற்பாட்டினால் கீழே உதிரும். அதனால்தான் இதுவும் "ஐந்து நிமிடத்தில் சரியாகிற" நோய். வீட்டில் சோதிக்கலாம்: வெளியில், அடுப்பு கிடுப்புக்கு எட்டத்தில், காபரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டுத் திறவுங்கள். நன்றாக ஓடி மெல்ல மெல்லக் குறைந்து, மூடியைத் திறந்ததும் மறுபடி வேகமெடுத்தால் காற்றுத்துளை. மூடி திறந்தும் சொட்டுச் சொட்டாகவே வந்தால் வலை.

இதற்கெல்லாம் தப்பினால் மட்டும் இன்ஜின் வால்வ் இடைவெளி. எக்ஸோஸ்ட் வால்வ் இறுக்கமாக இருந்தால் சூட்டில் முழுதாக மூடாது, உதைக்கும்போது கால் லேசாக இறங்கும், அதாவது கம்பிரஷன் இல்லை. ஆறிய இன்ஜினில் பார்த்து விட வேண்டியது, அதற்கும் இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை.

சரி, பைக் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்காவிட்டாலும் இரண்டு மூன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீதிப் பைக் பழக்கத்தில் இதைப் பராமரித்தால் பழுதாகிவிடும்.

ரயர் காற்று. ட்ரயல்ஸ் ரயர் மிகக் குறைந்த காற்றில், கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும்போதுதான் கல்லைக் கௌவிப் பிடிக்கும். புதிய ரியூப்லெஸ் பைக்குகளில் பின்னால் 4, 5 பிஎஸ்ஐ என்றெல்லாம் ஓடுகிறார்கள். ரயர் கடை மீற்றரில் அந்த அளவு ஊசியே அசையாது, சின்ன அளவு காட்டும் மீற்றர் தனியாக வாங்குங்கள். நம்முடையது ரியூப் உள்ளது, அவ்வளவு குறைத்தால் ரயர் ரிம்மில் சுழன்று ரியூப் வால்வை அறுத்துவிடும், நான் பின்னால் 6க்குக் கீழே போவதில்லை. வால்வ் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மேலே மூடிப் பக்கம் ஏற்றி விடுங்கள், வால்வ் சரியத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும். பிறகு, அந்தக் காற்றோடு நிலாவெளி றோட்டில் அறுபதில் வீட்டுக்குப் போகாதீர்கள், வளைவில் பைக் ஜெலி மாதிரி ஆடும். சைக்கிள் பம் ஒன்றைக் கொண்டுபோய் அடித்துக்கொண்டு வாருங்கள்.

ஒயில். கிளச் இன்ஜின் ஒயிலுக்குள்தான் ஊறிக்கிடக்கிறது, மீதியாய் இருக்கிறது என்று கார் ஒயில் ஊற்ற வேண்டாம், அதில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும், கிளச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று, ஒயிலில் ஊறும் கிளச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி, இருக்கிறதா பாருங்கள். இந்த விளையாட்டில் முழு வேலையும் கிளச்சில் ஒரு விரலால்தான் நடக்கிறது, அதனால் ஒயிலையும் அடிக்கடி மாற்றுங்கள், கிலோமீற்றர் கணக்குப் பார்த்தால் ஒருநாளும் மாற்ற மாட்டீர்கள், ஒரு பின்னேரம் முழுக்க ஓடியும் ஐந்து கிலோமீற்றர் ஏறியிருக்காது.

உப்பு. மார்கழியில் வாடைக்காற்று மழையோடு அடிக்கும்போதும் சரி, ஆடியில் கச்சான் காற்று புழுதியோடு அடிக்கும்போதும் சரி, ஸ்போக்கை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள்தான் முதலில் போகும். கறள் பிடித்து இறுகிய நிப்பிளைத் திருப்பப் போனால் ஸ்போக் முறிந்து கையில் வரும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஒயில், அவ்வளவுதான். கடற்கரை ஈரமணலில் ஓட்டிப் படம் எடுக்கிற ஆசை வரும், எனக்கும் வந்தது, ட்ரம்முக்குள் போன மணல் அந்த ஆசையைத் தீர்த்து வைத்தது. கழுவினால் பைப் தண்ணீரில் கழுவுங்கள், கரையோரக் கிணறுகளில் உவர் இருக்கும்.

ஓட்டுவது பற்றிக் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், இது ரேஸா என்று. இல்லை. யார் வேகமாகப் போகிறார் என்பதல்ல, யார் கால் ஊன்றாமல் போகிறார் என்பதுதான். ஒரு தரம் ஊன்றினால் 1, இரண்டு தரம் 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3, விழுந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ 5. குறைந்த புள்ளிக்காரர் வெற்றி. ஸ்கொட்லாந்தில் 1909இல் தொடங்கிய ஆறு நாள் போட்டி இன்றும் நடக்கிறது. ஸ்பெயினின் டோனி போ என்பவர் 2007இலிருந்து 2024 வரை ஒரு வருடம்கூட விடாமல் உலகப் பட்டம் எடுத்தார். அவருடைய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கல்லில் பாயாதீர்கள், அதைப் பார்த்துத்தான் நான் முழங்கால் தேய்த்தேன்.

வீட்டு முற்றத்தில் இரண்டு பழைய ரயரைப் போட்டு, நின்றுகொண்டே, முதலாம் கியரில், ஹாண்டிலை முழுதாக வளைத்து எட்டுப் போடுங்கள். உடம்பு பைக்கோடு சாயக்கூடாது, பைக் உள்ளே சாயும், நீங்கள் வெளிப்பக்கம் நிற்க வேண்டும். கண் முன்சில்லைப் பார்த்தால் கால் நிலத்துக்குப் போய்விடும். ஒரு மாதம் இதுவே போதும், பிறகு ஒரு தென்னங்குற்றியை அரைவாசி மண்ணில் புதைத்து ஏறிப் பழகுங்கள். கையில் கட்டும் கயிற்றுச் சுவிட்ச் ஒன்று பூட்டுங்கள், விழுந்தால் இன்ஜின் தானே நிற்கும். காட்டுப்பக்கம் போவதென்றால் அந்த ஊராரைக் கேட்டுவிட்டுப் போங்கள், யானை எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைப் பக்கமும் கன்னியா வெந்நீர் ஊற்றுப் பக்கமும் கல்லைக் கண்டு கை ஊறினாலும் வேண்டாம், கும்பிடுகிற இடங்கள்.

முதலில் அந்த மூடியைத் திறந்து பாருங்கள் தம்பி. பிளக் ஈரமாக வந்ததா காய்ந்து வந்ததா என்று கீழே எழுதினால் மிச்சத்தைச் சொல்கிறேன்.