டிராக்டர் உருண்டது, யாருக்கும் அடியில்லை: விட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் பூப்பல்லக்குக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஏற்றிய டிராக்டர் வரும். இந்த வருஷம் வாணவேடிக்கைக்காகக் கோயில் மேட்டில் நிறுத்தியிருந்தபோது, டிரைவர் இறங்கிய கொஞ்ச நேரத்தில் அது தானாகப் பின்னால் உருண்டது. டிரெய்லர் ஒரு வீட்டுத் திண்ணையில் முட்டி நின்றது. பத்தடி தள்ளி கோலாட்டப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். "ஆத்தா காப்பாத்திட்டா, பெருசாக்காதே" என்கிறார்கள் பெரியவர்கள். டிராக்டர் கமிட்டித் தலைவரின் மச்சானுடையது. நான் பேசினால் வம்பாகுமா?
- விழாக் கமிட்டி இளைஞர், நத்தம் பக்கம்

பதில்: பேசுங்கள் தம்பி. "யார் தப்பு" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "எப்படி உருண்டது" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் டிரைவர் வாயைத் திறப்பார்.

நான் 29 வருஷம் பஸ் ஓட்டியவன். ஒரு திருவிழா ஸ்பெஷலில், மலையடிவாரத் தற்காலிக ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். வண்டி மெல்ல நகர்ந்தது. கண்டக்டர் ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளினார். மெமோ வருமே என்று பயந்து டிப்போவில் நான் சொல்லவில்லை. மறுவருஷம் அதே சரிவில் வேறொருவரின் பஸ் இறங்கி, பூ விற்ற அம்மா ஒருவரின் கால் முறிந்தது. நான் சொல்லியிருந்தால் ஸ்டாண்டை மாற்றியிருப்பார்கள். இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

சரி, உங்கள் டிராக்டருக்கு வருவோம். டிராக்டரில் வலது, இடது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல். உழும்போது வளைத்துத் திருப்ப அது வசதி. ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் கொண்டி போட்டு இணைக்க வேண்டும். பல டிராக்டர்களில் பார்க்கிங் பிரேக் இந்தப் பெடலைத்தான் பிடித்து நிறுத்துகிறது. கொண்டி போடாமல் விட்டால் ஒரு சக்கரத்தில் மட்டும்தான் பிடிப்பு இருக்கும். ஊர்ப் பக்கத்து டிரெய்லருக்குப் பெரும்பாலும் தனி பிரேக்கே கிடையாது. ஜெனரேட்டரின் பாரம் முழுவதும் டிராக்டரைப் பள்ளத்துக்கு இழுக்கும். அன்றைக்குக் கொண்டி போட்டிருந்ததா, கியரில் நிறுத்தினாரா, சக்கரத்துக்குக் கட்டை வைத்தாரா? இந்த மூன்றையும் டிரைவரிடம் கேட்டு, நாள், நேரம், இடத்தோடு கமிட்டி நோட்டில் எழுதிவையுங்கள். பார்த்தவர்கள் சொல்வதையும் எழுதுங்கள். பத்து நாள் போனால் ஆளுக்கொரு கதை வரும்.

பெரிய தேர் ஓடும் ஊர்களில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் கண் சக்கரத்தை விட்டு நகராது. உங்கள் டிராக்டருக்கும் அப்படி இரண்டு பேர் வேண்டும், கையில் ஆளுக்கொரு கட்டையோடு. நிற்கும் இடத்தில் சக்கரங்களின் பள்ளப் பக்கம் கட்டை வைத்த பிறகுதான் டிரைவர் இறங்கலாம். வண்டிக்குப் பின்னால், சரிவின் நேரே யாரும் உட்காரக் கூடாது. பிள்ளைகள் எதிர்ப்பக்கம் மேட்டில் உட்காரட்டும். முடிந்தால் ஜெனரேட்டரை ஒரே சமதளத்தில் நிறுத்திவிட்டு ஒயரை நீட்டிக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் தயங்கினால், 2023 ஜனவரியில் அரக்கோணம் பக்கம் கீழ்வீதியில் கோயில் திருவிழாவில் கிரேன் சாய்ந்து உயிர்கள் போனதை நினைவுபடுத்துங்கள். அங்கும் பக்தியோடு கூடிய கூட்டம்தான்.

தலைவரிடம் கூட்டத்தில் வேண்டாம், தனியாக முதலில் சொல்லுங்கள். மச்சானையும் டிரைவரையும் கூட்டிக்கொண்டு ஒரு பகல் வேளையில் அந்த மேட்டுக்கே போங்கள். டிராக்டரை அன்று நின்ற அதே இடத்தில், ஜெனரேட்டர் இல்லாமல், கட்டை வைத்து நிறுத்திப் பாருங்கள். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தை அப்போது அவர்களுக்குக் காட்டுங்கள்.