பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி கேள்வி பதில்: பாடியது யார், வாயசைத்தது யார்?

கே: பார்ட்ரிட்ஜ் குடும்பம் நிஜமாகவே இருந்ததா?

ப: இல்லை. 1970 முதல் 1974 வரை ஏபிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைத் தொடர் அது; அம்மாவும் பிள்ளைகளும் இசைக்குழுவாகப் பாடும் கதை. ஆனால் அதற்குத் தூண்டுதலான குடும்பம் நிஜம். ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டைச் சேர்ந்த கவ்சில்ஸ்: அண்ணன் தம்பிகள், தங்கை, அம்மா பார்பரா என்று சேர்ந்து பாடியவர்கள். 1967லும் 1969லும் அவர்கள் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. அவர்களையே நடிக்க வைக்கத்தான் முதலில் பேச்சு. அம்மா வேடம் மட்டும் நடிகை ஷெர்லி ஜோன்ஸுக்கு என்றார்கள். பெற்ற தாயை ஓரங்கட்ட வீட்டில் சம்மதிக்கவில்லை.

கே: அப்போ ரெகார்டில் பாடியது யார்?

ப: நடிகர்களில் இரண்டே பேர். ஷெர்லி ஜோன்ஸ், டேவிட் கேசிடி. (கேசிடி ஷெர்லியின் கணவருடைய மூத்த தாரத்து மகன்.) கேசிடியை எடுத்தது நடிப்புக்காக. அவருக்குப் பாட வரும் என்பது இசைத் தயாரிப்பாளர் வெஸ் ஃபாரலுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஸ்டுடியோ பாடகர்களை வைத்துச் சில பாட்டுகள் பதிவாகிவிட்டன. ஆரம்ப எபிசோடுகளில் கவனித்துக் கேட்டால் குரல் வித்தியாசம் தெரியும். கோரஸ் பாடியவர்கள் ரான் ஹிக்லின், ஜான் பாலர், டாம் பாலர், ஜாக்கி வார்ட். டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பாஸ் கிடார் ஜோ ஆஸ்பார்ன். டோனி ரோமியோ எழுதிய 'ஐ திங்க் ஐ லவ் யூ' 1970 நவம்பர், டிசம்பரில் 3 வாரம் முதலிடத்தில் இருந்தது இவர்கள் தயவில்தான்.

எச்சரிக்கை: திரையில் கை எங்கே இருக்கிறது என்று பார்த்து, வாசித்தது யார் என்று முடிவு கட்டாதீர்கள்.

கே: தொடரில் வரும் பையன் டேனி பாஸ் கிடாரை நன்றாக வாசிக்கிறானே?

ப: எச்சரிக்கையைப் படியுங்கள்.

கே: கீபோர்டு, மகளாக நடித்த சூசன் டே தானே?

ப: இல்லை.

கே: டிரம்ஸ் பையன்?

ப: மேலேயே சொல்லிவிட்டேன். அந்த வேடத்தில் நடித்த பையனே முதல் சீசனோடு மாறிவிட்டான். தொடரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கே: குடும்பம் ஊர் ஊராகப் போகும் பேருந்து?

ப: 1957 செவர்லே பள்ளிப் பேருந்து. ஓவியர் மோண்ட்ரியன் பாணியில் வண்ணக் கட்டங்களாகப் பெயின்ட்.

கே: அதே காலத்துக் குடும்பத் தொடர் பிரேடி பஞ்ச் பற்றியும் சொல்லுங்களேன்.

ப: அது வேறு வீடு, வேறு ஆளிடம் கேளுங்கள். அங்கே பிள்ளைகள் சொந்தக் குரலில் பாடினார்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கே: காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறார்கள், அதைச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை!

ப: இதே ஹால் பிளெய்ன்தான் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்திலும் வாசித்தார். அதைக் காவியம் என்கிறீர்கள், இது மட்டும் மோசடியா?

கே: பீச் பாய்ஸ் பாடினார்களே?

ப: கேசிடியும் பாடினார். 1972இல் நியூயார்க்கின் பிரம்மாண்ட அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனையே நிரப்பினார். வெறும் வாயசைப்பை நம்பி அந்த மேடையில் ஏற முடியாது.

கே: நம் பின்னணிப் பாடகர்கள் மாதிரிதானே இதுவும்? இதில் என்ன சண்டை?

ப: பாதி சரி. நம் இசைத்தட்டில் நடிகர் பெயரைப் பாடகராகப் போடுவதில்லை. அங்கே இல்லாத குழு ஒன்றைச் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி விருதுக்கே பரிந்துரைத்தார்கள்! நல்லவேளை, விருது கார்பென்டர்ஸ் என்ற அண்ணன் தங்கை ஜோடிக்குப் போனது. எனக்குக் கோபம் வாயசைப்பில் இல்லை, ஹிக்லின், பாலர் பெயர்கள் ரசிகர்களுக்குத் தெரியாமலே போனதில்தான்.

கே: ஐயா, தொடரில் வரும் அந்தக் குட்டிப் பெண்ணின் டாம்பரின் என்ற கைத்தாளமாவது...

ப: டாம்பரினும் இல்லை.