அயர்லாந்துல ஊர் மதில் கட்ட காசு எங்க இருந்து வந்துச்சு? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

போன வாரம் பேச்சுவாக்குல "அந்த காலத்து அயர்லாந்துல மதிலைக் கட்டினது சந்தைக்கு வந்த கம்பளி மூட்டையும் மாட்டுத்தோலும்தான்"னு ஒரு வரி சொல்லிட்டேன், அதுல இருந்து கேள்வி மேல கேள்வி. எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் போட்டுடறேன்.

கேள்வி: அக்கா, கோட்டை மதில்னா ராஜா செலவுதானே? சந்தை எங்க வந்துச்சு நடுவுல?

அதான் இல்ல. அரண்மனைக் கோட்டை வேற, ஊரைச் சுத்தி இருக்கிற மதில் வேற. ஊர் மதிலுக்கு ராஜா கைக்காசு பெருசா போடல, அவர் குடுத்தது பர்மிஷன் மட்டும்தான். "உங்க ஊருக்கு விக்க வர்ற சரக்கு மேல இவ்வளவு வருஷத்துக்கு இந்த ரேட்ல வசூல் பண்ணிக்கோங்க, வர்ற காசை மதில்ல மட்டும் போடுங்க"ன்னு ஒரு ஓலை. இதுக்குப் பேரு மியூரேஜ். லத்தீன்ல மூருஸ்னா சுவர், அதுல இருந்து வந்த பேரு. அப்போ அயர்லாந்து இங்கிலாந்து ராஜாவோட ஆட்சியில, டப்ளினுக்கு 1221ல இங்கிலாந்து ராஜா மூணாம் ஹென்றி குடுத்தார், 1224ல வாட்டர்ஃபோர்டு, 1234ல ட்ராஹெடா, 1237ல லிமரிக்னு வரிசையா போகுது. ராஜா பாக்கெட்ல இருந்து பெருசா ஒண்ணும் போகல, ஆனா நல்ல பேர் அவருக்கு!

கேள்வி: ரேட் எவ்வளவு இருந்துச்சு? ரொம்ப அடிச்சாங்களா?

டப்ளின் 1221 ரேட் சொல்றேன். ஒரு மூட்டை கம்பளிக்கு 3 பென்னி, ஒரு லாஸ்ட் தோலுக்கு 6 பென்னி (ஒரு லாஸ்ட்னா சுமார் 200 தோல்), ஒரு பீப்பாய் ஒயினுக்கு 2 பென்னி. மூட்டைன்னதும் தோள்ல தூக்கற சைஸ் நினைச்சுக்காதீங்க, அது கிட்டத்தட்ட 165 கிலோ. அப்போ ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, அதனால ஒரே ஒரு பவுண்டு சேரணும்னாலே 80 மூட்டை கம்பளி வாசலைத் தாண்டி உள்ள வந்திருக்கணும். இதுக்குப் பக்கத்துல 1275ல ராஜா தனக்குன்னு போட்ட ஏற்றுமதி வரியை வச்சுப் பாருங்க, அது மூட்டைக்கு அரை மார்க், அதாவது 80 பென்னி. ஊர் மதிலுக்கு 3, ராஜாவுக்கு 80. மதில் ஏன் தலைமுறை தலைமுறையா இழுத்துச்சுன்னு இதுலயே தெரிஞ்சிரும்.

கேள்வி: உள்ளூர்க்காரங்களும் கட்டணுமா, வெளியூர்க்காரன் தலையில மட்டும் கட்டிட்டாங்களா?

விக்கறதுக்கு வர்ற சரக்கு மேலதான் சுங்கம், வீட்டுக்கு சாப்பிட கொண்டுவர்ற தானியத்துக்கு இல்ல. இதுல இன்னொரு சிக்கல், சில நகரத்துக்காரங்களுக்கு ஏற்கனவே சுங்க விலக்கு இருந்துச்சு. டப்ளின்காரங்களுக்கு 1192லயே ஜான் (அப்போ அயர்லாந்தோட பிரபு, பின்னாடி இங்கிலாந்து ராஜா) குடுத்த சாசனம், தன் ஆட்சிக்கு உட்பட்ட இடம் எங்க போனாலும் சுங்கம் கிடையாதுன்னு. அந்த மாதிரி ஆள் ஒருத்தன் இன்னொரு ஊர் வாசல்ல நின்னு "நான் டப்ளின்காரன், கட்ட மாட்டேன்"னா வசூல் பண்றவனுக்கு எப்படி இருக்கும்! ஆக கடைசில பாரம் விழுந்தது சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து வண்டி கட்டிட்டு வந்தவன் மேலயும், விலையில அதையும் சேர்த்துக் குடுத்து வாங்கினவன் மேலயும்தான்னு என் கணிப்பு.

கேள்வி: எங்க வச்சு வசூல் பண்ணுவாங்க? டோல்கேட் மாதிரியா?

அதேதான், ஊர் வாசல்தான் டோல்கேட். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான், மதில் கட்டத்தான் சுங்கம், ஆனா மதில் எழும்ப எழும்ப நாலு வாசல் தவிர வேற வழியில சரக்கை உள்ள கொண்டுவர முடியாது, அதனால சுங்க வசூலும் சுலபமாகுது. எதிரி வர்றானோ இல்லையோ, கணக்குக்கு மதில் உதவும். அயர்லாந்துல பல ஊர்ல பழைய நகர மண்டபத்தை இன்னும் தோல்செல்னு சொல்றாங்க, சுங்கம் கட்டற கூடம்னு அர்த்தம்.

கேள்வி: காசை அமுக்கினவங்க யாராவது மாட்டினாங்களா?

இதைக் கேட்காம விட மாட்டீங்கன்னு தெரியும் 😄 டப்ளின்ல ஜெஃப்ரி டி மார்ட்டன்னு ஒரு வியாபாரி, மேயராவும் இருந்தவர். பாலத்துக்குப் பக்கத்துல கோபுரம் கட்டணும்னு 1300களோட தொடக்கத்துல மியூரேஜ் உரிமை வாங்கினார். வசூல் நடந்துச்சு, வேலை நடக்கல, ஊர்க்காரங்க புகார் குடுத்து விசாரணை வரைக்கும் போச்சு.

கேள்வி: சுங்கமே இல்லாம கட்டின ஊர் இருக்கா?

இருக்கு, நியூ ராஸ். 1265ல பக்கத்துல ரெண்டு பெரிய பிரபுக்கள் சண்டை, மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் வால்டர் டி பர்கும், நடுவுல இவங்க ஊர் மதிலே இல்லாம திறந்து கிடக்கு. பயந்து போய் முதல்ல கூலிக்கு ஆள் வச்சு அகழி தோண்டினாங்க, வேலை நகரவே இல்ல. அப்புறம் ஊரே கூடி முடிவு பண்ணாங்க, நாமளே இறங்கலாம்னு, வாரத்துல ஒரு நாள் ஒரு தொழில்காரங்க முறை. திங்கள் ஒயின் வியாபாரி, ஜவுளிக்காரங்க. செவ்வாய் தையல்காரங்க, துணி பதப்படுத்தறவங்க. புதன் செருப்பு தைக்கறவங்க, தோல் பதனிடறவங்க, கசாப்புக்காரங்க. இப்படியே போய் சனிக்கிழமை தச்சர், கொல்லர், கொத்தனார். எல்லாரும் கொடி பிடிச்சு பாட்டு பாடிட்டு வருவாங்களாம், இதெல்லாம் அப்பவே நார்மன் பிரெஞ்சுல எழுதின ஒரு பாட்டுல இருக்கு. ஞாயிறு யார் முறைன்னு நினைக்கறீங்க? பொம்பளைங்க! கல்லு சுமந்து வந்து போடறாங்க, தங்களுக்குன்னு ஒரு வாசல் கட்டி லேடீஸ் கேட்னு பேர் வைப்போம், அங்கயே ஒரு சிறையும் வச்சுக்குவோம்னு சொன்னாங்களாம். பாட்டு எழுதினவன் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், ஆனா ஞாயித்துக்கிழமை லீவு பொம்பளைங்களுக்கு மட்டும் கிடையாதுங்கறது எல்லா காலத்துக்கும் ஒண்ணுதான் போல.

கேள்வி: அவசரத்துக்கு சுங்கம் சேரற வரைக்கும் எதிரி காத்திருப்பானா அக்கா?

மாட்டான். 1317ல ஸ்காட்லாந்துல இருந்து படையோட வந்த எட்வர்ட் புரூஸும், அவர் அண்ணன் ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட்டும் டப்ளினை நெருங்கி வந்தப்போ, ஊர்க்காரங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்த டொமினிக்கன் மடத்தை இடிச்சு அந்தக் கல்லைக் கொண்டுவந்து மதில் எழுப்பினாங்க, புறநகரையும் தாங்களே கொளுத்தினாங்க. படை முற்றுகை போடாமலே திரும்பிருச்சு.

கேள்வி: மதில் முடிஞ்சதும் சுங்கம் நின்னுச்சா?

ஓலையில வருஷக் கணக்கு போட்டுத்தான் குடுப்பாங்க, 1275ல யூகல் (Youghal) ஊருக்கு 7 வருஷம். ஆனா முடியறப்போ "மதில் இன்னும் முடியல, இருக்கறதும் இடிஞ்சு விழுது"ன்னு மனு போட்டு திரும்ப வாங்கிடுவாங்க. டிப்பரரி பக்கம் ஃபெதர்டுன்னு ஒரு குட்டி ஊர், 1292ல வாங்கினாங்க, 1370கள்ல பார்த்தா மறுபடியும் மதில் பேரைச் சொல்லி வசூல். அந்த மதில் சுமார் 1100 மீட்டர் சுத்து, பெரும்பகுதி இன்னிக்கும் நிக்குது, போனா நடந்து பார்க்கலாம்.