உதவுவதில் என் நிம்மதியைத் தேடுவது சுயநலமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 46. நான்கு ஆண்டுகள் படுக்கையில் இருந்த என் அம்மா சென்ற ஆண்டு காலமானார். அவரைக் கவனித்துக்கொள்வதிலேயே என் பொழுதெல்லாம் கழிந்ததால், இப்போது வீட்டில் எதற்கும் நான் தேவையில்லை என்பதுபோல் ஒரு வெறுமை. சென்ற மாதம் மருத்துவமனையில் ஒரு முதியவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, படிவத்தை நிரப்ப முடியாமல் தடுமாறினார். நான் எழுதிக்கொடுத்து, அவர் கையெழுத்திடும்போது காகிதம் நழுவாமல் பிடித்துக்கொண்டேன். மாலைவரை மனம் லேசாக இருந்தது. பிறகு ஓர் உறுத்தல்: என் துயரத்தை மறக்கத்தான் உதவுகிறேன் என்றால், அது சுயநலம் இல்லையா?

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த முதியவருக்கு வேண்டியிருந்த உதவி முழுமையாகக் கிடைத்துவிட்டது. உங்கள் மனம் லேசானதால் அதில் எதுவும் குறையவில்லை. காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நடுங்கும் கைக்கு என்ன வேண்டும் என்பதை அம்மாவோடு கழித்த ஆண்டுகள் உங்களுக்குக் கற்றுத் தந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

உளவியலாளர் எலிசபெத் டன்னும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்து, பாதிப் பேரைத் தமக்காகவும் மீதிப் பேரைப் பிறருக்காகவும் அன்று மாலைக்குள் செலவிடச் சொன்னபோது, பிறருக்காகச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டாகவே இல்லை. ஆகவே, நீங்கள் உணர்ந்தது மனித மனத்தின் இயல்புதான்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நெட்டா வைன்ஸ்டைன், ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு, விரும்பிச் செய்யும் உதவியே செய்பவரின் மனநலத்தை உயர்த்துகிறது, கட்டாயத்துக்காகச் செய்வது அப்படி உயர்த்துவதில்லை என்று காட்டியது. எனவே 'தினமும் ஒருவருக்கு உதவியே ஆக வேண்டும்' என்று கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். முடியாத நாளில் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

உதவி துயரத்துக்கு மாற்று ஆகாது. அம்மாவைப் பற்றி மனம்விட்டுப் பேச நெருங்கிய ஒருவர் உங்களுக்கு இருக்கிறாரா? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை. தூக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டிருந்தால், தள்ளிப்போடாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த மாலைக்குப் பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.